வாரத்துக்கு இரண்டு வயிற்றுப்போக்கு

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் முன் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். டாக்டர் தம்முடைய சுழல் நாற்காலியில் இருந்தார். அதன் ஐந்து சக்கரங்களில் ஒன்று கழன்றுபோன நாளிலிருந்து அவர் வலப்பக்கம் சாய்ந்தபடிதான் நோயாளிகளைப் பார்க்கிறார். தங்கள் மேல் உள்ள அக்கறையால் சாய்கிறார் என்று நோயாளிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிற தண்ணீர்த் தொட்டிக்காரர் நோயாளிகள் பெஞ்சின் ஓரத்தில், உள் அறைக் கதவு தெரிகிற பக்கமாக உட்கார்ந்திருந்தார். சிஸ்டருடைய தம்பிக்கு மாவட்ட சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் சேர்க்கிற வேலை. அவன் மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் பல் டாக்டரின் நாற்காலியில் இருந்தான். அந்த ஆஸ்பத்திரியில் மெத்தை வைத்த நாற்காலி அது ஒன்றுதான் என்று ஆசைப்பட்டு ஏறினான். ஏறியதும் அது மல்லாந்துவிட்டது. நிமிர்த்துகிற பிடி போன வருஷமே ஒடிந்தாயிற்று. ஆகவே கூட்டம் முடிகிறவரை அவன் கூரையோடுதான் பேசிக்கொண்டிருந்தான்.

சிஸ்டர், எடை பார்க்கிற மேடை மேல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தரையில் வேறெங்கே போட்டாலும் அந்த ஸ்டூல் ஆடும். மேடையின் முள், ஸ்டூலையும் சேர்த்து எழுபத்தெட்டு கிலோ என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. அவள் கோபப்பட்டு அசையும்போதெல்லாம் முள் எண்பத்தைந்துக்கு எகிறி இறங்கும். அதைப் பார்த்துப் பேச்சை அளந்துகொள்வது டாக்டரின் வழக்கம்.

ஐந்தாவதாக ஒருத்தி உண்டு. கூட்டத்தில் சேர்த்தி இல்லை. தொட்டிக்காரரின் ஒன்பது வயது மகள். உள் அறையில் கையில் சலைன் ஏறப் படுத்திருந்தாள்.

கூட்டம் கூட்டியவள் சிஸ்டர். அன்று காலைத் தபாலில் ஒரு கடிதம் வந்திருந்தது. நூற்று ஐம்பத்தாறு வாரங்களாக ஒரு வாரம்கூடத் தவறாமல், ஒரு பிழைகூட இல்லாமல் நோய்க் கணக்கை அனுப்பிவரும் ஒரே கிராமத்து ஆஸ்பத்திரி என்பதால், மாவட்டத்தின் சிறந்த தகவல் பகிர்வுக்கான கேடயம் இவர்களுக்கு என்றும், வெள்ளிக்கிழமை விழா என்றும், நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும் என்றும் அதில் இருந்தது. டாக்டர் அதை மூன்று முறை படித்தார். பஞ்சு டப்பாவை எடுத்துக் கீழே வைத்து, அலமாரியில் கேடயத்துக்கு இடம் ஒதுக்கினார். அந்த இடத்தில் தூசி தட்டவும் செய்தார். முப்பது வருஷ வைத்தியத்தில் அவர் அந்த அலமாரியைத் துடைத்ததை யாரும் பார்த்ததில்லை.

அதே காலையில், அதே மேஜையில், கம்ப்யூட்டர் வேறொன்று சொன்னது. வயிற்றுப்போக்கு என்ற கட்டத்தில் சிஸ்டர் முப்பத்தேழு என்று அடித்திருந்தாள். வடக்குத் தெருவில் மட்டும் ஒரே வாரத்தில் முப்பத்தேழு பேர். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு, 'இந்த எண் உங்கள் வழக்கத்துக்குப் பொருந்தவில்லை. தட்டச்சுப் பிழை என்று கருதி, உங்கள் சராசரியான 2 பதியப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி' என்று காட்டியது. அவள் திரும்பவும் அடித்தாள். அது திரும்பவும் நன்றி சொன்னது. ஐந்து முறை அடித்தாள், ஐந்து முறை நன்றி வாங்கினாள்.

சுகாதார அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். எடுத்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். ஸ்கிரீனில் இரண்டு என்றுதான் இருக்கிறது, உங்கள் ஆஸ்பத்திரியைத்தான் மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுகிறோம், ஏதோ கை தவறியிருக்கும், வெள்ளிக்கிழமை சந்திப்போம் என்று வைத்துவிட்டாள். அடுத்து தண்ணீர் அலுவலகம். வடக்குத் தெருக் குழாயை மூடி லாரித் தண்ணீர் அனுப்ப வேண்டுமானால் சுகாதார அலுவலகத்திலிருந்து தாள் வரவேண்டும், அவர்களைக் கேட்டோம், இரண்டே இரண்டு பேர் என்கிறார்கள், இரண்டு பேருக்காக லாரி அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. அதற்குப் பிறகுதான் அவள் தம்பியைக் கூப்பிட்டாள். விருந்துக்குக் கூப்பிடுகிற குரலில் கூப்பிடவில்லை.

வந்தவன் வெயிலுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பல் நாற்காலியில் மல்லாந்து, "எல்லாம் சரியாத்தானே போய்க்கிட்டு இருக்கு? எதுக்குக்கா இப்ப கிளறுறே?" என்றான்.

அதில்தான் குட்டு உடைந்தது.

"என்ன சரியா போகுது? கம்ப்யூட்டருக்கு நம்ம சராசரி ரெண்டுன்னு யார் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். கேள்வி தம்பிக்குத்தான். ஆனால் முள் எண்பத்தைந்துக்குப் போனதைப் பார்த்து அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

சிஸ்டர் எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறவள். அப்படியே சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம், மழை ஆரம்பித்திருந்தது. வடக்குத் தெருவில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு. பதினொன்று என்றே அடித்தாள். மறுநாள் பதினான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. பதினோரு பேரும் கடைசி மூன்று நாளில் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை தடவை போனார்கள், என்ன நிறத்தில் போனார்கள் என்று தனித்தனியே கேட்டிருந்தார்கள். பதினோரு வீட்டுக் கதவையும் தட்டி நிறம் கேட்டுவிட்டு வந்தாள். அதில் இரண்டு வீட்டில் இன்றுவரை அவளோடு சரியாகப் பேச்சில்லை. அடுத்த வாரம் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பூஜ்யம் அடித்தாள். பூஜ்யம் அடித்தால் அந்த ஆஸ்பத்திரி தூங்குகிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும், மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து எழுப்பவேண்டும். எழுப்ப வந்தவன் இந்தத் தம்பி. ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவன், வந்த கையோடு வழி சொல்லிக் கொடுத்தான். பூஜ்யம் போடாதே, நான் வரவேண்டியிருக்கும். ஐந்துக்கு மேல் போடாதே, பதினான்கு பக்கம் வரும். நடுவில் ஏதாவது போடு.

"நடுவுல மூணுதானே?" என்றார் டாக்டர்.

"மூணைத்தான் எல்லாரும் போடுறாங்க சார். சந்தேகம் வரும்" என்று தம்பி கூரையிடம் சொன்னான். அன்றே அந்தப் பழைய பதினொன்றையும் பூஜ்யத்தையும் அலுவலகத்துக்குப் போய்த் திருத்தி இரண்டாக்கியவனும் அவன்தான். அதிலிருந்து நூற்று ஐம்பத்துநான்கு வாரம் அவள் இரண்டு அடித்தாள். நூற்று ஐம்பத்துநான்கு வாரம் அவன் 'சரிபார்க்கப்பட்டது' என்று தட்டினான். அக்கா தம்பிக்குள் அவ்வளவு ஒற்றுமை அவர்கள் வீட்டுச் சொத்து விஷயத்தில்கூட இருந்ததில்லை.

டாக்டர் கேடயத்துக்காகத் துடைத்த இடத்தைப் பார்த்தார். மூன்று வருஷமாக வாராந்தர அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டவர் அவர். ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்பதைச் சொல்லி மானத்தை இழப்பதா, படித்தேன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போவதா என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது அவருடைய முகம்.

தொட்டிக்காரர் மெல்லக் கேட்டார். "அப்போ சிஸ்டர், நிஜக் கணக்குன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா?"

இருந்தது. அதுதான் சிஸ்டரின் சங்கடம். கம்ப்யூட்டருக்கு இரண்டு போட்டாளே தவிர, கையால் எழுதுகிற நீள நோட்டில் ஒரு நாளும் அவள் பொய் எழுதியதில்லை. யார் வந்தார்கள், எந்தத் தெரு, எத்தனை நாளாய், எல்லாம் கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்து, வாரக் கடைசியில் கூட்டிச் சிவப்பு மையில் கீழே கோடு. பொய்யைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டு உண்மையை வீட்டோடு வைத்துக்கொள்வது போல ஓர் ஏற்பாடு. அலமாரியின் அடித்தட்டிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்து வந்தாள். மேடையை விட்டு இறங்கியதும் முள் ஸ்டூலோடு ஆறு கிலோவில் நின்றது.

மழை தொடங்கிய வாரத்தை மட்டும் ஒவ்வொரு நோட்டிலும் புரட்டி வாசித்தாள். முதல் வருஷம் பதினொன்று. இரண்டாம் வருஷம் பதினாறு. மூன்றாம் வருஷம் இருபத்துநான்கு. இந்த வருஷம் முப்பத்தேழு. நான்கும் வடக்குத் தெரு. தெற்கே ஓரிருவர்கூட இல்லை.

வாசித்து முடித்த பிறகுதான் தான் என்ன வாசித்தோம் என்பது அவளுக்கே உறைத்தது. ஒவ்வொரு வாரமும் அந்தந்த வாரத்தைக் கூட்டிக் கோடு போட்டவள், நான்கு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டியவர்கள் மாவட்ட அலுவலகத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் போனது இரண்டு.

"வடக்குத் தெரு பைப்பு சாக்கடையை ஒட்டித்தான் போகுது" என்றார் தொட்டிக்காரர். "ஒரு ஜாயின்ட்டு விட்டிருக்கு. மழை பெஞ்சு சாக்கடை ஏறுனா உள்ள இழுத்துக்கும். எனக்குத் தோணிச்சு. தோணினதை யார்கிட்ட சொல்றது. கணக்கு ரெண்டுன்னா அது என் மனப்பிராந்தின்னு விட்டுட்டேன்." உள் அறைக் கதவைப் பார்த்தார். "போன வருஷம் இருபத்துநாலுல என் மூத்தவனும் ஒருத்தன், சிஸ்டர்."

அவளுக்கு நினைவிருந்தது. அந்தப் பையனுக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தியவள் அவள்தான். குத்தி முடித்துக் கை கழுவிவிட்டு வந்து இரண்டு என்று அடித்தவளும் அவள்தான். "நோட்டை உங்ககிட்ட காட்டியிருக்கணும்" என்றாள்.

தொட்டிக்காரர் இன்னும் ஏதோ சொல்லப்போனார். அவர் வாயில் வந்திருந்தால் அது நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. ஆனால் தம்பி முந்திக்கொண்டான். "இவர் மட்டும் என்ன? தினம் குளோரின் போட்டாச்சுன்னு எழுதுற ரிஜிஸ்டரை ஒரு தடவை பார்த்தேன். அன்னைக்குத் தேதி பன்னெண்டு. அதுல முப்பதாம் தேதி வரைக்கும் போட்டாச்சு."

தொட்டிக்காரர் மறுக்கவில்லை. மாத முதல் தேதியில் பேனா கிடைக்கும்போதே எழுதிவிடுவாராம், அலுவலகத்தில் பேனா அவ்வளவு தட்டுப்பாடு. நாற்காலியின் மிச்சமிருந்த நான்கு சக்கரங்களில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த டாக்டர், இதைக் கேட்டு ஒரு பெருமூச்சு விட்டு, தாமும் ஒன்று சொன்னார். பிரஷர் மிஷின் பழுதாகி எட்டு மாதம் ஆயிற்று. அதிலிருந்து வருகிற எல்லோருக்கும் நூற்றிருபதுக்கு எண்பதுதான். இந்த ஊரில் ரத்த அழுத்தமே ஒழிந்துவிட்டது என்று அதற்கும் ஒரு கேடயம் வரலாம்.

இனி யாரும் யாரையும் திட்ட முடியாது என்று ஆயிற்று.

தம்பிதான் வழி யோசித்தான். அது அவன் தொழில். "முப்பத்தேழை அப்படியே போட்டாத்தானே தகராறு? வாரத்துக்கு ரெண்டு ரெண்டா பிரிச்சு, பதினெட்டு வாரத்துக்குப் போட்டுடலாம். கணக்கும் ஏறும், கம்ப்யூட்டருக்கும் கோபம் வராது."

"மிச்சம் ஒண்ணு?" என்று டாக்டர் உண்மையிலேயே கேட்டார்.

சிஸ்டர் அவர்கள் இருவரையும் பார்த்த பார்வையில் மேடை இல்லாமலேயே முள் எகிறியிருக்கும். "பதினெட்டு வாரம் கழிச்சு லாரி வந்தா அந்தத் தெருவுல குடிக்க யார்டா இருப்பாங்க?" என்றாள். பிறகு, கம்ப்யூட்டரை நம்பவைக்க வேறு வழியே இல்லையா, உள்ளதைச் சொல் என்று அவனை நெருக்கினாள்.

ஒரு வழி இருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. ஆஸ்பத்திரியே எழுத்தில், முத்திரையோடு, 'இதுவரை நாங்கள் அனுப்பியது தவறு, மூலப் பதிவேடு இணைத்துள்ளோம்' என்று கொடுத்தால், பெரிய அதிகாரி அம்மா பழைய சராசரியை அழித்துவிட்டுப் புது எண்ணைக் கையால் ஏற்றவேண்டும். விதியில் இருக்கிறது. இன்று ஐந்தரைக்குள் தாள் போய்ச் சேர்ந்தால் இன்றே ஏற்றுவார்கள். நாளைக் காலை லாரி வரும். ஆனால் தவறு என்றால் யார் சரிபார்த்தது என்று கேட்பார்கள். வெள்ளிக்கிழமை விழாவில் இவர்களுக்குக் கேடயம். அதே மேடையில் அவனுக்குப் பதவி உயர்வு ஆர்டர். எட்டு வருஷம் காத்திருந்து வருகிற ஆர்டர். அவன் மாமனார் புதுச்சட்டை எடுத்தாயிற்று, மேடைக்கு நேர் எதிரே நாற்காலி வேண்டும் என்று சொல்லியாயிற்று.

"அக்கா, வெள்ளிக்கிழமை தாண்டட்டும். சனிக்கிழமை நானே எழுதித் தர்றேன்" என்றான். குரலில் கெஞ்சல் இருந்தது. சின்ன வயதில் உடைத்த பாத்திரத்தை ஒளித்துவைக்கச் சொன்ன அதே குரல். அப்போதெல்லாம் அவள் ஒளித்துவைத்திருக்கிறாள்.

டாக்டர் அலமாரியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். இந்த வயதில் விசாரணை என்று வந்தால் பிரஷர் மிஷின் கதையும் சேர்ந்து வெளிவரும். சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

அப்போது உள் அறையிலிருந்து குரல் வந்தது. "அப்பா, தண்ணி."

தொட்டிக்காரர் சட்டென்று எழுந்தார். மூலையில் இருந்த குடத்தில் டம்ளரை முக்கினார். முக்கிய கை அப்படியே நின்றது. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிற மனிதர், தன் பெண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "சிஸ்டர், இது எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி. காய்ச்சினது பிளாஸ்க்குல இருக்கு. அதைக் குடுங்க."

"நம்ம ஆஸ்பத்திரிக் குழாய் எந்த லைன்?" என்று டாக்டர் கேட்டார். முப்பது வருஷமாக அந்தக் குழாயில் கை கழுவுகிறவர்.

"வடக்குத் தெரு லைன்தான் சார்" என்றார் தொட்டிக்காரர், பிளாஸ்க்கைத் திறந்தபடி.

பல் நாற்காலியிலிருந்து ஒரு கேள்வி வந்தது, மிகவும் தாழ்ந்த குரலில். "அக்கா, நான் வந்ததும் ரெண்டு டம்ளர் குடிச்சேனே. அது பிளாஸ்க்கா, குடமா?"

"குடம்" என்றாள் சிஸ்டர்.

தொட்டிக்காரர் மகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து, இடுப்பில் தொங்கிய வால்வுச் சாவியை உருவி டாக்டரின் மேஜை மேல் வைத்தார். மேலதிகாரி உத்தரவில்லாமல் வடக்குத் தெரு வால்வை மத்தியானமே மூடிவிட்டதாகவும், தெருவில் பாதிப் பேர் காலையிலேயே பிடித்து வைத்திருப்பதாகவும், நாளைக் காலைக்குள் லாரி வராவிட்டால் மிச்சப் பேர் குட்டைக்குப் போய்விடுவார்கள் என்றும், வேலை போனால் போகட்டும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில், யார் முகத்தையும் பார்க்காமல்.

டாக்டர் சாவியைப் பார்த்தார். பஞ்சு டப்பாவைக் கீழேயிருந்து எடுத்து, அலமாரியில் துடைத்த இடத்தில் திரும்பவும் வைத்தார்.

"எழுதுங்க சிஸ்டர்" என்றார். "நான் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுறேன்."

கோடு போட்ட தாளை எடுத்து, இடப்பக்கம் இரண்டு விரல் ஓரம் மடித்து, அவள் எழுத ஆரம்பித்தாள். பொருள் என்று எழுதி அடிக்கோடிட்டாள். 'அம்மா, எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நூற்று ஐம்பத்தாறு வாரங்களாகத் தங்களுக்கு வந்துசேர்ந்த வயிற்றுப்போக்கு எண் உண்மையானது அல்ல. வேலைப்பளுவைக் குறைத்துக்கொள்ள எழுதப்பட்டது. அதை எழுதியவள் நான். உண்மையான எண்கள் இத்துடன் வரும் நான்கு நோட்டுகளில் சிவப்பு மையில் உள்ளன. மழை தொடங்கும் வாரத்தைத் தயவுசெய்து நான்கிலும் சேர்த்துப் பார்க்கவும். நான் பார்க்கத் தவறினேன். இந்த வாரம் முப்பத்தேழு பேர். இது தட்டச்சுப் பிழை அல்ல. வடக்குத் தெருவுக்கு நாளைக் காலை லாரித் தண்ணீர் தேவை. கேடயத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்.'

கடைசி வரியை மட்டும் டாக்டர் இரண்டு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"தேதிக்குக் கீழ, 'சரிபார்த்தவர் பெயர்'னு ஒரு வரி வரணும்" என்றது பல் நாற்காலி.

"அது வேண்டாம்டா. நான் எழுதினேன்னு எழுதியாச்சு. அது போதும்" என்றாள் அவள். அந்தப் பழைய பாத்திரத்தை இன்னும் ஒருமுறை ஒளித்துவைக்கத்தான் பார்த்தாள்.

"காலியா விட்டா முழுமையில்லாத விண்ணப்பம்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அக்கா. பிரிச்சுக்கூடப் பார்க்க மாட்டாங்க."

"யாரு திருப்பி அனுப்புறது?"

கூரையில் ஒரு பல்லி நகர்ந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே, "நான்தான்" என்றான். எட்டு வருஷத்தில் எத்தனை தாளைத் திருப்பியிருப்பான் என்று கணக்கே இல்லை. ஒரு வரி காலி என்று, ஓரம் மடிக்கவில்லை என்று, பச்சை மை என்று. இன்று அந்த மேஜையில் அவன் இல்லை, வேறொருவன் இருக்கிறான். அவனுக்குப் பழக்கிக்கொடுத்தவனும் இவன்தான், நன்றாகவே பழக்கியிருந்தான்.

சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவன் தன் பெயரைச் சொன்னான். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதது போல, முதலெழுத்திலிருந்து பதவிப்பெயர் வரை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னான். அவளும் புதிதாகக் கேட்பவள் போல எழுதிக்கொண்டாள். முடித்ததும், "உன் மாமனார் வீட்டுல நான் வந்து பேசறேன்" என்றாள். மாமனாரிடம் சட்டையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுச் சொல் என்றான் அவன்.

மூன்று பேருமாகச் சேர்ந்து அவனைப் பல் நாற்காலியிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். நின்றதும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இப்போதைக்கு ஒன்றுமில்லை. டாக்டர், கேட்காமலேயே, அவன் சட்டைப் பையில் நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளைச் செருகினார்.

நோட்டுகளை அடுக்கி, பேண்டேஜ் துணியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினாள். கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் போட்டாள். பசை டப்பா வறண்டு கிடந்தது. ஆகவே உறையின் வாயைப் பிளாஸ்திரியால், காயத்துக்குப் போடுவது போலவே, இரண்டு பக்கமும் நீவி ஒட்டினாள். பிளாஸ்திரியும் தாளும் சேர்கிற இடத்தில் டாக்டர் ஆஸ்பத்திரி முத்திரையை ஊன்றிக் குத்தினார்.

உறையைத் தம்பி கையில் கொடுக்கவில்லை. தொட்டிக்காரரிடம் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைக்குள் விட்டு மேல் பித்தான்வரை போட்டுக்கொண்டார். மகளை எட்டிப் பார்த்தார், தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்தார். நோட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தம்பி பின்னால் ஏறினான்.

"அவர் வண்டி ஓட்டட்டும், நீ வழியில எதுவும் பேசாதே. எங்கேயாவது நிறுத்தணும்னா மட்டும் தோளைத் தட்டு" என்றாள் அக்கா.

வண்டி வடக்குத் தெரு வழியாகத் திரும்பி மறைந்தது. அவள் உள்ளே வந்து, அனுப்புகைப் பதிவேட்டைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு மணி முப்பத்தேழு நிமிடம். அப்படியே எழுதினாள்.